‘நெகோஷியபிள்’ என்று எழுதியிருந்தால் என்ன செய்வது

யாழ்ப்பாணம், கோண்டாவில் காணி விளம்பரத்தின் அடியில் விலைக்குப் பக்கத்தில் ‘நெகோஷியபிள்’ என்று இருக்கும். காசோலையின் இரட்டைக் கோட்டுக்குள் ‘நொட் நெகோஷியபிள்’ என்று இருக்கும். வேலை விளம்பரத்தில் சம்பளத்துக்கு நேரே இதே சொல் வரும். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வருபவரின் மருத்துவக் குறிப்பில், படிக்கட்டை ‘நெகோஷியேற்’ பண்ணமுடியுமா என்று கேட்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘பேச்சுவார்த்தை நடத்துதல்’ என்று ஒரே பொருளைத்தான் மனனம் செய்கிறோம். அந்தப் பொருள் காணிக்கும் சம்பளத்துக்கும் பொருந்தும். காசோலைக்கும் படிக்கட்டுக்கும் பொருந்தாது. ஆகவே சொல்லைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டியது, இது விலைக்கு அருகில் நிற்கிறதா, பணப் பத்திரத்தில் நிற்கிறதா, வழியிலுள்ள தடைக்கு அருகில் நிற்கிறதா என்பது. விடை தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

வேரைப் பிடித்தால் மூன்றும் விளங்கும்

இலத்தீனில் ‘ஓற்றியும்’ என்றால் ஓய்வு. அதன் முன்னால் ‘இல்லை’ என்ற பொருள் தரும் ‘நெக்’ சேர்ந்து ‘நெகோற்றியும்’ ஆனது. ஓய்வில்லாதது, அதாவது வேலை, அலுவல், தொழில். உரோமர் காலத்தில் ‘நெகோற்றியாற்றோர்’ என்றால் பெரிய வியாபாரி, வட்டிக்குப் பணம் கொடுப்பவர். இந்த வேரில் ‘பேச்சு’ என்பதே கிடையாது. தொழிலை நடத்துவதுதான் மூலப்பொருள். பேசுவது தொழிலின் ஒரு பகுதி என்பதால் அந்தப் பொருள் பிறகு முன்னுக்கு வந்தது. ஸ்பானிய மொழியில் ‘நெகோசியோ’வும் போர்த்துக்கீசத்தில் ‘நெகோசியு’வும் இன்றைக்கும் வியாபாரத்தையே குறிக்கின்றன. பிரெஞ்சில் ‘நெகோசியான்’ மொத்த வியாபாரி.

ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது பெயர்ச்சொல், 15ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு வழியாக. வினைச்சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் உண்டியலையும் (இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுதிப் பணிக்கும் பத்திரம்) பணப் பத்திரத்தையும் இன்னொருவர் கைக்கு மாற்றுவதற்கு அந்த வினை பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் குதிரையேறி வேட்டைக்குப் போனவர்கள் வேலியையும் பள்ளத்தையும் வெற்றிகரமாகத் தாண்டுவதற்கும் அதையே சொன்னார்கள். அலுவலை நடத்தி முடிப்பது, பத்திரத்தைக் கைமாற்றுவது, தடையைக் கடப்பது ஆகிய மூன்றிலும் ஒரு காரியம் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது.

எழுத்துக்கூட்டலில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: நடுவில் ‘ஷி’ ஒலி வருவதால் ‘சி’ (c) எழுத்தைப் போட்டுவிடுவது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ரி’ (t) எழுத்தே வரும், பக்கத்தில் ‘ஐ’ (i). உச்சரிப்பில் அழுத்தம் ‘கோ’ மேல் விழும்.

விலைக்கு அருகில் நின்றால்

இந்தச் சொல் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு குறைப்பார்கள், எதில் குறைப்பார்கள், யார் குறைப்பார்கள் என்பதை அது சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் காணிக் கொள்வனவு கெட்டுப்போவது பெரும்பாலும் இவற்றைக் கேளாமல் நேரே தொகைக்குப் போவதால்தான். ‘கடைசி விலை சொல்லுங்கோ’ என்று எடுத்த எடுப்பில் கேட்பவருக்குக் கிடைப்பது முதல் விலைதான்.

தொகைக்குப் போகுமுன் பார்க்கவேண்டியவை மூன்று. முதலாவது, அளவு. பரப்பு என்பது இங்கே காணி அளக்கும் அலகு. ‘பரப்பு 12 இலட்சம், நெகோஷியபிள்’ என்றால் பேச்சுக்குரியது பரப்பு விலையா, முழுத் துண்டின் விலையா? ‘அண்ணை, போட்டது பரப்புக் கணக்கோ, முழுத் துண்டுக்கோ?’ என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். பிறகு உறுதியையும் (காணியின் உரிமைப் பத்திரம்) நில அளவை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 16 பரப்பு, பரப்புக்கு 18 குழி, ஒரு பரப்பு 10 பேர்ச், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. உறுதியில் 4 பரப்பு என்றும் புதிய வரைபடத்தில் 3 பரப்பு 14 குழி என்றும் இருந்தால் 4 குழி குறைகிறது. பரப்பு 12 இலட்சப்படி அந்த 4 குழியின் பெறுமதி 266,667 ரூபா. ‘கொஞ்சம் பாத்துக் குறையுங்கோ’ என்று மணிக்கணக்காக நின்றாலும் வராத தொகை வரைபடத்தைக் காட்டியவுடன் வரும். அதிலும், இது குறைப்பே அல்ல. இல்லாத நிலத்துக்குக் காசு கொடுக்காமல் விடுவதுதான். ஆகவே இதை முதலில் கழித்துவிட்டு, மீதித் தொகையில்தான் பேரத்தைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஆள். சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார். காணியைக் காட்டுபவர் பெரியப்பாவாகவோ தரகராகவோ இருப்பார். அவர் ‘பேசலாம்’ என்று சொல்வது உண்மைதான், ஆனால் தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா என்பது வேறு விடயம். அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், இருந்தால் அதை வாங்கி வாசியுங்கள். பராமரிக்கவும் வாடகைக்கு விடவும் மட்டும் அதிகாரம் கொடுத்த பத்திரங்கள் உண்டு. விற்கும் அதிகாரம் அதில் சொல்லால் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதிகாரம் இல்லாத ஒருவரிடம் உங்கள் உச்ச விலையைச் சொன்னீர்களென்றால், அடுத்த பேச்சு அந்த விலையிலிருந்துதான் தொடங்கும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண்ணின் பெயரில் காணி இருந்தால், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, அதை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. பிரிக்கப்படாத பங்கு என்றால் கூட்டு உரிமையாளருக்கு முன்வாங்கும் உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தானே வாங்கும் உரிமை, உண்டு. அதை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. விற்பவர் தன் சகோதரருடன் பேசி முடித்துவிட்டு வருவதாகச் சொன்னால் அந்தப் பேச்சு முடியும்வரை பொறுத்திருங்கள். முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்ற பங்கின்மேல் வழக்கு வரலாம்.

மூன்றாவது, பத்திரங்கள். காணிப் பதிவகத்தில் 30 ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். ஈடு (காணியை அடகு வைத்து வாங்கிய கடன்) இருக்கிறதா, வழக்கு நிலுவையில் இருக்கிறதா, பாதைக்கு உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று, உறுதி எழுதும் உங்கள் நொத்தாரிசு பார்த்துச் சொல்வார். (உங்கள் நொத்தாரிசு என்பதை அழுத்திச் சொல்கிறோம். விற்பவரின் நொத்தாரிசே இரண்டு பக்கத்துக்கும் பார்ப்பது இங்கே சாதாரணம், ஆனால் விலையில் பிணக்கு வரும்போது வாங்குபவருக்கு ஆலோசனை சொல்ல ஆளிருக்காது.)

தொகை கடைசியில்தான் வரவேண்டும். விலையை முதலில் பேசி முடித்துவிட்டுப் பிறகு பாதை இல்லை என்று கண்டுபிடித்தால், மறுபடி விலையைத் திறப்பது சொல் மாறுவதாகப் பார்க்கப்படும். நம் ஊரில் அந்தப் பெயர் எடுத்தவருடன் அடுத்த தரகரும் பேச யோசிப்பார். எல்லாம் பார்த்த பின் ஒரு எண்ணைச் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள், எப்போது எப்படிப் பணம் தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘45 இலட்சம், வங்கிக் கடன் இல்லை, 3 கிழமைக்குள் உறுதி எழுதலாம்’ என்ற ஒரு வரிக்கு ‘குறைச்சுத் தாங்கோ’ என்ற பத்து வரியைவிட வலு அதிகம். அவசரமாகக் காசு தேவைப்படும் விற்பனையாளர் நாளுக்காக விலையை விடுவார். அவசரமில்லாதவர் விடமாட்டார், அவரிடம் வேலிச் செலவு, அளவைச் செலவு போன்றவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் குறைந்த தொகை சட்டத்தில் எதிர்முனைவு எனப்படும். அதைச் சொன்ன கணமே அவர் முன்பு சொன்ன விலை விழுந்துவிடுகிறது. நீங்கள் பிறகு மனம் மாறி ‘சரி, நீங்கள் சொன்ன 48க்கே எடுக்கிறன்’ என்றால் அவர் ஒத்துக்கொள்ள வேண்டிய கடமை இல்லை. அதற்கிடையில் இன்னொருவர் 50 சொல்லியிருக்கலாம்.

பேசி முடிந்ததும் எழுத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி, காணி விற்பதாகச் செய்யும் உடன்பாடு நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதி ஒப்பமிடப்படாவிட்டால் அது வலிதாகாது. அப்பியாசக் கொப்பித் தாளில் முத்திரை ஒட்டி எழுதிய முற்பணப் பற்றுச்சீட்டைக் கொண்டு காணியை எழுதித் தரும்படி வற்புறுத்த முடியாது. முற்பணம் கொடுப்பதென்றால் நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையோடு கொடுங்கள். அதில் முழு விலை, கொடுத்த முற்பணம், உறுதி எழுதும் கடைசித் திகதி, யாராவது பின்வாங்கினால் முற்பணம் என்னவாகும் என்ற நான்கும் இருக்க வேண்டும்.

முத்திரைக் கட்டணத்தை மறந்துவிட்டு விலை பேசுபவர்களும் உண்டு. முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 48 இலட்சம் என்றால் 3,000 உடன் 188,000 சேர்ந்து 191,000 ரூபா, அதை வாங்குபவர் கட்டுவார். கணிப்பது காணியின் பெறுமதி மீது என்பதால், உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டால் பிறகு மதிப்பீட்டு வித்தியாசத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரலாம். அப்படிக் குறைத்துப் போடும் யோசனையைப் பேரத்தின் ஒரு பகுதியாக யாராவது முன்வைத்தால் மறுத்துவிடுங்கள். கொடுக்கல் வாங்கல் முறிந்தால் நீங்கள் நிரூபிக்கக்கூடிய தொகை உறுதியில் இருப்பது மட்டுமே.

மோட்டார் சைக்கிளுக்கும் தளபாடத்துக்கும் இவ்வளவு வேண்டாம். பார்த்து, ஓட்டி, ஒரு எண்ணைச் சொன்னால் போதும். பாசையூரிலும் குருநகரிலும் மீன் கூறி விற்கும் இடத்தில் இந்தச் சொல்லுக்கே வேலை இல்லை. அங்கே விலையை ஏற்றுவது போட்டி, இரண்டு பேருக்கு இடையிலான பேச்சு அல்ல. ‘ஏலம்’ என்ற நம் சொல்லே போர்த்துக்கீச ‘லெய்லாவ்’ வழியாக வந்தது.

காசோலையில் நின்றால்

இங்கே சொல்லின் பொருள் முற்றாக வேறு. ‘நொட் நெகோஷியபிள்’ என்பதை ‘இந்தத் தொகையில் பேச்சுக்கு இடமில்லை’ என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தொகையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. காசோலையை வாங்குபவருக்குக் கிடைக்கும் உரிமையைப் பற்றியது அது. இலங்கையில் இதை ஆளுவது 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க உண்டியற் கட்டளைச்சட்டம், இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றியது.

சாதாரணப் பொருளை எடுங்கள். திருட்டுச் சைக்கிளை நீங்கள் தெரியாமல் வாங்கினாலும் உரியவர் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். விற்றவரிடம் இல்லாத உரிமை உங்களுக்கு வராது. பணப் பத்திரத்துக்கு இந்த விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. கொணர்பவருக்குக் கொடுக்கவேண்டிய காசோலையை ஒரு கடைக்காரர் நல்லெண்ணத்தோடு, சாமான் கொடுத்து வாங்கினால், கொடுத்தவர் திருடனாக இருந்தாலும் கடைக்காரருக்கு முழு உரிமை வரலாம். வியாபாரம் தடையின்றி ஓடுவதற்காக ஏற்படுத்திய வசதி இது. ‘நொட் நெகோஷியபிள்’ என்று குறுக்குக்கோட்டுக்குள் எழுதும்போது அந்த வசதியை நீக்கிவிடுகிறீர்கள். திருடனிடம் வாங்கிய கடைக்காரருக்குத் திருடனின் உரிமைதான், அதாவது ஒன்றுமே இல்லை. நீங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஆனால் அப்படி எழுதிய காசோலையையும் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியும். இதுதான் பலருக்குத் தவறும் இடம். கைமாறுவதை நிறுத்த வேறு சொற்கள் வேண்டும். ஆகவே ஒருவருக்குக் காசோலை அனுப்புவதானால் இப்படிச் செய்யுங்கள்:

1. பெறுநரின் பெயரை அவருடைய வங்கிக் கணக்கில் உள்ளபடி எழுதுங்கள்.
2. அச்சடித்திருக்கும் ‘கொணர்பவர்’ என்ற சொல்லை வெட்டிவிடுங்கள்.
3. இடது மேல் மூலையில் இரண்டு சமாந்தரக் கோடு போடுங்கள். கோடு மட்டும் இருந்தாலே வங்கி முகப்பில் காசாக மாற்ற முடியாது, கணக்கு வழியாகத்தான் போகும்.
4. கோடுகளுக்கு நடுவே ‘எக்கவுண்ட் பேயி ஒன்லி’ என்று எழுதுங்கள். பெறுநரின் கணக்கில் மட்டும் வைப்பிலிடும்படி வங்கிக்குக் கொடுக்கும் பணிப்பு அது.
5. அதோடு ‘நொட் நெகோஷியபிள்’ சேர்த்தால் இரண்டு பாதுகாப்பும் கிடைக்கும்.

கோடு போடாத காசோலையில் ஐந்தாவதை மட்டும் எங்கேயோ ஒரு மூலையில் எழுதுவதால் நீங்கள் எதிர்பார்க்கும் பாதுகாப்பு வராது. உங்களுக்கு ஒருவர் இப்படிக் கோடிட்ட, மூன்றாம் ஆளின் பெயருக்கு எழுதிய காசோலையைக் கடனுக்காகத் தந்தால் வாங்காதீர்கள்.

ஏற்றுமதிக்காரருக்கு இதே குடும்பத்தில் இன்னொரு பயன்பாடு உண்டு. நண்டு, கணவாய், பனம்பொருள் அனுப்புபவருக்கு வரும் நாணயக் கடிதத்தில் (வாங்குபவரின் வங்கி பணம் தருவதாகக் கொடுக்கும் உறுதிமொழிக் கடிதம், வங்கியில் எல்.சி. என்பார்கள்) ‘நெகோஷியேஷன் மூலம் கிடைக்கும்’ என்று இருந்தால், குறித்த வங்கி உங்கள் ஆவணங்களை வாங்கிக்கொண்டு வெளிநாட்டுப் பணம் வரமுன்பே உங்களுக்கு முற்பணம் தரலாம் என்று பொருள். எல்.சி.க்கான சர்வதேச விதிகளாக 2007 யூலை முதல் நடைமுறையிலுள்ள யூ.சி.பி. 600 அப்படித்தான் வரையறுக்கிறது. வேறு நாள் குறிக்காவிட்டால் கப்பலில் ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள், எல்.சி.யின் காலாவதிக்கும் முன்னர், ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். பொருளின் பெயரும் நிறையும் ஓர் ஆவணத்தோடு இன்னொன்று முரண்பட்டாலே வங்கி வாங்க மறுக்கலாம். இங்கே வங்கியோடு பேசிப் பயனில்லை, ஆவணத்தைத் திருத்துவதுதான் வழி.

சம்பளத்தில் நின்றால்

‘எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கள்?’ என்று கேட்பார்கள். மொத்தத்தை மட்டும் சொல்லாதீர்கள், அது எப்படிப் பிரிகிறது என்றும் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், தொழில் தருநர் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் 3 வீதம். இவை சட்டத்தின் குறைந்தபட்சம், பேச்சில் விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை. பேசவேண்டியது எந்தத் தொகையின் மீது கணிப்பார்கள் என்பதை. 60,000 ரூபாவில் 35,000 மட்டும் கணக்கில் எடுக்கப்பட்டால் தொழில் தருநரின் 12 வீதம் 4,200. முழுத் தொகையும் எடுக்கப்பட்டால் 7,200. மாதம் 3,000 ரூபா வித்தியாசம். வாழ்க்கைச் செலவுப்படி கணக்கில் சேரும், மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இணங்கியது நியமனக் கடிதத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பழைய வேலையை விடுங்கள்.

தடைக்கு அருகில் நின்றால்

வளைவு, படி, வெள்ளம் நிற்கும் வீதி, சிக்கலான படிவம் ஆகியவற்றோடு இந்த வினை வந்தால் ‘சமாளித்துக் கடந்து போதல்’ என்று எடுங்கள். மருத்துவக் குறிப்பிலுள்ள வாக்கியத்தைத் தமிழில் ‘படி ஏறி இறங்க முடிகிறதா’ என்று எழுதினால் போதும். கணினி மொழிபெயர்ப்பு படிக்கட்டோடு பேச்சுவார்த்தை நடத்தச் சொல்லலாம், கவனித்துத் திருத்துங்கள்.

பக்கத்துச் சொற்களில் எதை எழுதுவது

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது ‘டீல்’, ‘பார்கின்’, ‘ஹகிள்’ மூன்றும் கைக்கு வரும். ‘டீல்’ பழைய ஆங்கிலத்தில் பங்கு, பகுதி. சீட்டுப் பகிர்வதற்கு அதைச் சொல்வது அதனால்தான். வியாபார உடன்பாடு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. முடிந்துபோன இணக்கத்துக்கே அது பொருந்தும், இன்னும் பேசிக்கொண்டிருப்பதற்கு எழுதினால் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ‘பார்கின்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பெயர்ச்சொல்லாக வந்தால் மலிவாகக் கிடைத்த பொருள் என்ற நிழல் விழும், ஆகவே விற்பவருக்கு எழுதும் கடிதத்தில் அவருடைய காணியை அப்படிச் சொல்லவேண்டாம். தொழிற்சங்கம் சம்பளத்துக்காகப் பேசுவதற்கு மட்டும் அந்தச் சொல்லே முறையானது. ‘ஹகிள்’ ஒழுங்கற்று வெட்டுதல் என்ற பொருளில் தொடங்கியது. சில்லறைக்காக இழுபறிப்படுவதைக் குறிக்கும், அலுவலகக் கடிதத்தில் தவிர்க்கவும்.

‘நெகோஷியேற்’ யாருடன் என்பதற்கு ‘வித்’ வேண்டும். விலையை என்பதற்கு இடைச்சொல் வேண்டாம், வினைக்குப் பின் நேரே விலை வரும். விளம்பரம் போடுபவராக நீங்கள் இருந்தால், உண்மையில் குறைக்கமாட்டீர்களென்றால் இந்தச் சொல்லைப் போடாமல் ‘பிக்ஸ்ட் பிறைஸ்’ என்று எழுதுங்கள். குறைப்பீர்களென்றால் தமிழ் விளம்பரத்தில் ‘விலை பேசலாம்’ போதும், அதோடு பரப்புக்கா முழுத் துண்டுக்கா என்பதையும், யாருடன் பேசவேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். பாதித் தொலைபேசி அழைப்பு அதிலேயே குறைந்துவிடும்.